மூடி உட்காராத சுருட்டுப் பெட்டி
மரவேலை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் டொரன்டோவில் ஸ்காபரோ பக்கம் இருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஐம்பது சுருட்டு கொள்ளும் ஹ்யூமிடார் (சுருட்டு காயாமல் ஈரம் காக்கும் மரப்பெட்டி) ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். கோடையில் ஈரப்பத முள் 68, 69 என்று நின்றது. நவம்பரில் ஹீட்டர் போட்டதிலிருந்து 56ஐத் தாண்டவில்லை. 69 என்று அச்சிட்ட போவேடா பை (உள்ளே ஈரத்தை 69 சதவீதத்தில் நிறுத்தும் சின்னப் பை) நான்கு வைத்தும் மூன்றே வாரத்தில் அவை கல்லாக இறுகிவிடுகின்றன. மூடியைக் கையிலிருந்து விட்டால் 'டக்'கென்று விழுகிறது. முன்பக்க வலது மூலையில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடுக்கு. கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பைச் சுற்றிலும் ஒட்டிவிடு என்கிறார் நண்பர். ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த டேப்பை வாங்கியிருந்தால் கதவுக்கே ஒட்டிவிடுங்கள். எங்கே கசிகிறது, ஏன் கசிகிறது என்று பார்க்காமல் ஃபோம் ஒட்டினால், அதன் கனமே கீல் பக்கம் முட்டுக்கொடுத்து மூடியை இன்னும் தூக்கிவிடும். அதோடு, புதிய ஃபோமிலும் அதன் பசையிலும் ஒரு வாடை இருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த வாடையெல்லாம் புகையிலைக்குப் போய்ச் சேரும்.

நான் சுருட்டுப் பிடிப்பவன் இல்லை. ஆனால் உறையூர்க்காரன். சுருட்டு சுற்றும் வீடுகளின் வாசலைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போய்வந்தேன். எனக்குப் பெட்டிதான் பிள்ளை. கச்சிதமாக உட்கார வேண்டிய ஒரு மூடி உட்காராமல் நிற்கிறது என்று கேட்டால் மனசு ஒப்பவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் முள்ளை நம்பாதீர்கள். பெட்டியோடு வரும் வட்ட மானிகளில் பல, வாங்கிய அன்றைக்கே ஐந்து பத்து தப்பாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் பதம் வர வேண்டும், கரைந்து தண்ணீராகக் கூடாது. அதையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, உப்பு மானி மேல் படாமல், இறுக்க மூடி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும். இது வீட்டு வெப்பத்தில் மாறாத கணக்கு. மானி 75 காட்டினால் அது சரி. 68 காட்டினால் உங்கள் மானி ஏழு குறைத்துச் சொல்கிறது என்று பொருள். அப்படியானால் உங்கள் 56 உண்மையில் 63தான். அதுவும் குறைவுதான், ஆனால் பதற வேண்டிய குறைவு இல்லை. சுருட்டுக்கு 65 முதல் 70 வரை இருந்தால் போதும்.

மானி சரி என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பை மூன்று வாரத்தில் இறுகுகிறது என்றால் காற்று தாராளமாகப் போய்வருகிறது. எங்கே என்று பார்க்க இரண்டு வழி. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பெட்டியைக் காலி செய்து, உள்ளே ஒரு டார்ச்சையோ கைபேசி வெளிச்சத்தையோ போட்டு மூடுங்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் பெட்டியைச் சுற்றி வாருங்கள். வெளிச்சக் கீற்று தெரிகிற இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள்.

இரண்டாவது வழிதான் என் வழி. ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பது எங்கள் பட்டறைப் பழக்கம். உங்கள் ஊர் நோட்டு 2011இலிருந்து பிளாஸ்டிக் ஆகிவிட்டது, அது வழுக்கிக்கொண்டு வரும், தப்பான பதில் சொல்லும். அச்சடிக்கும் வெள்ளைத்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நான்கு மூலை, நான்கு பக்கத்தின் நடு, ஆக எட்டு இடம். ஒவ்வோர் இடத்திலும் தாளை வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துப் பிடித்து வந்தால் நல்லது. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே மூடி தொடவே இல்லை. எட்டு இடத்தின் பதிலையும் ஒரு தாளில் பெட்டி மாதிரி கட்டம் போட்டு எழுதிவையுங்கள். அந்தக் கட்டம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்பக்கம் முழுவதும் தளர்ச்சி, கீல் பக்கம் மட்டும் இறுக்கம் என்றால் குற்றவாளி கீல்தான். கீல் பதியும் பள்ளத்தை அதிகமாக வெட்டியிருப்பார்கள், அல்லது திருகாணித் தலை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மூடி பின்னால் முதலில் முட்டிக்கொள்ளும், முன்னால் இறங்காது. திருகாணித் தலையை விரலால் தடவிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கீலைக் கழற்றி அடியில் விசிட்டிங் கார்டில் வெட்டிய ஒரு துண்டை வைத்து மறுபடி முடுக்குங்கள். ஒன்று போதவில்லை என்றால் இன்னொன்று. இதற்கு நேர்மாறாக, முன்னால் தொட்டு, கீல் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம் ஆழம் போதவில்லை. கூரான உளியால் தாள் கனம், தாள் கனமாக எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் எடுக்கப் போகாதீர்கள். திருகாணி பிடிக்காமல் சுற்றினால், ஓட்டைக்குள் மருந்து நீக்கிய தீக்குச்சியைப் பசை தொட்டுச் சொருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு முடுக்குங்கள். கெட்டியாகப் பிடிக்கும்.

உங்கள் பெட்டியில் ஒரு மூலைதான் தூக்கியிருக்கிறது என்கிறீர்கள். அதுவும் ஹீட்டர் போட்ட பிறகு. அதனால் எனக்கு மூடி கோணியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர்க் குளிர்தான்.

என் மகள் மிஸிஸாகாவில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு நானே தேக்கில் ஓர் அஞ்சறைப் பெட்டி செய்துகொடுத்தேன். ஐப்பசி மழையில் செய்தது. இழுப்பு மூடி. கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் சீராக வரும், தானாக நகராது. ஒரு ஜனவரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கடுகு எடுக்கப் பெட்டியைச் சாய்த்தேன். மூடி வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டு பக்கமும் அட்டை நுழையும் இடைவெளி. என் கைவேலை இப்படியா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்றும் செய்யாதே அப்பா, கோடையில் அதுவே இறுகிவிடும் என்றாள் மகள். நான் ஊர் திரும்பி ஜூலையில் தொலைபேசியில் கேட்டால், மூடி திறக்கவே கஷ்டமாக இருக்கிறது என்கிறாள். ஜனவரியில் அவசரப்பட்டு ஒரு சீவல் ஒட்டியிருந்தேன் என்றால் ஜூலையில் பெட்டி வெடித்திருக்கும்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரம் இருபது முப்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூடியின் வெளிமுகம் அந்தக் காற்றில் காய்கிறது. உள்முகம் எழுபதில் ஊறுகிறது. மரம் நாரின் குறுக்கே தண்ணீர் குடித்தால் விரியும், இழந்தால் சுருங்கும். உள்முகம் விரிந்து, வெளிமுகம் சுருங்கினால் மூடியின் நடு உள்ளே தொந்தி போடும், ஓரமும் மூலையும் மேலே எழும். கீல் பிடித்திருக்கும் பக்கம் அதைத் தடுக்கும். தடையில்லாத முன் மூலை நகம் நுழைய எழுந்துவிடும். ஈரம் தரும் சாதனத்தைக் காந்தம் வைத்து மூடியின் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொடுக்கிறார்களே, அது இந்தக் கோணலை இன்னும் கூட்டும். உங்கள் பைகளும் மூடியில் சொருகியிருந்தால் முதல் வேலையாக அவற்றைக் கீழே பெட்டிக்குள் இறக்குங்கள்.

அப்புறம் பெட்டியை ஹீட்டர் காற்று வராத சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். சுருட்டுகளை இரண்டு ஜிப் பைகளில் போட்டு, ஆளுக்கொரு போவேடா பை வைத்து, தனியே வையுங்கள். காலிப் பெட்டிக்குள் 84 என்று அச்சிட்ட போவேடா பைகளை வைத்து மூடி, மேலே மூன்று நான்கு தடித்த புத்தகங்களை அந்த வலது மூலைக்குப் பாரம் வருகிற மாதிரி அடுக்கி இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். இது பெட்டியின் உள்மரத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலை. பரிசாக வந்த பெட்டியில் பலர் இதைச் செய்யாமல் நேரே சுருட்டை அடுக்கிவிடுகிறார்கள். காய்ந்த மரம் சுருட்டுக்கு வைத்த ஈரத்தைத் தான் குடிக்கும். ஈரத்துணியால் உள்ளே தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள், மெல்லிய உள்பலகை திடீரென்று தண்ணீர் பட்டால் கோணிவிடும், ஒட்டும் விட்டுப்போகும்.

இரண்டு வாரம் கழித்து அதே எட்டு இடத்தில் தாளை வைத்து இழுங்கள். பல பெட்டிகள் இங்கேயே சரியாகிவிடும். உள்பலகை பெட்டி விளிம்புக்கு மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் எழுந்து நிற்கிறது பாருங்கள், மூடி அதன் மேல்தான் தொப்பி மாதிரி கவிழ்கிறது. அந்தப் பலகை கொஞ்சம் ஊதினாலே மூடி இறுகிவிடும்.

அப்போதும் இடுக்கு இருந்தால்தான் கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். எழுந்து நிற்கும் அந்தப் பலகையின் வெளிமுகத்தில், கசிகிற பக்கம் மட்டும், பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஓர் அடுக்கு ஒட்டி மூடிப் பாருங்கள். போதவில்லையா, இன்னோர் அடுக்கு. நான்கு விரல் உயரத்திலிருந்து மூடியை விட்டால், 'டக்'கென்று விழாமல், கடைசி அரை அங்குலத்தில் காற்றின் மேல் உட்கார்ந்து 'புஸ்'ஸென்று இறங்க வேண்டும். அந்தச் சத்தம் வரும் வரை அடுக்குங்கள், அதற்கு மேல் ஓர் அடுக்கும் வேண்டாம். பிறகு டேப்பை உரித்து, எத்தனை அடுக்கோ அந்தக் கனத்துக்கு ஸ்பானிஷ் சீடர் (உள்பலகை செய்யும் மரம்) வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, பட்டையை உப்புத்தாளில் தேய்த்து எடுத்து அங்கே ஒட்டுங்கள். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் சுமார் இருக்கும். வெள்ளை மரப்பசை, மிகக் கொஞ்சம். மூடி திறந்தபடி இரண்டு மூன்று நாள் காயட்டும், வாடை அறவே போகட்டும்.

ஒட்டியபின் எங்காவது முட்டினால் அந்த விளிம்பில் சாக்பீஸைத் தடவி மூடித் திறங்கள். முட்டுகிற இடம் எதிர்ப்பக்கத்தில் வெள்ளையாகப் பதிந்திருக்கும். அங்கே மட்டும் 220 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி நான்கு இழுப்பு இழுங்கள். மறுபடி சாக்பீஸ். இதுதான் பொறுமை கேட்கிற இடம். நானே ஒரு மூடிக்கு ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன்.

உளி, பசை எதுவும் வேண்டாம் என்றால், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை அந்தப் பலகை மேல் இழுத்துச் சுற்றி இந்தக் குளிர்காலத்தை ஓட்டுங்கள். பசை இல்லை, வாடை இல்லை, வசந்தத்தில் உருவி எறிந்துவிடலாம். நீங்கள் இருக்கும் ஊருக்கு அதுவே நல்ல யோசனை என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் ஜூலையில் உங்கள் மூடி எப்படியும் மாறப்போகிறது. வெனீர் ஒட்டுவதாக இருந்தால் கோடைக்கு ஒரு இம்மி இடம் விட்டே ஒட்டுங்கள்.

மரப்பெட்டியில் காற்றே புகக்கூடாது என்று நினைக்க வேண்டாம். துளியும் மூச்சுவிடாத பெட்டியில் ஈரம் கூடிவிட்டால் பூஞ்சை வரும். பைகள் இரண்டு மூன்று மாதம் தாங்கினால் உங்கள் மூடி நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் மாமனாரின் பெட்டி இது. மூடி கண்ணாடி. முன்பக்கம் வட்டமாக ஒரு மானி பதித்திருக்கிறது. தாள் வைத்து இழுத்தால் எல்லாப் பக்கமும் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் ஏசி போடும் மாதங்களில் உள்ளே 55தான். மழைக்காலத்தில் 80ஐத் தொடுகிறது. (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, மூடி விளிம்பில் குறை இல்லை என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இனிக் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தையும் மானி பதித்த ஓட்டையையும் பாருங்கள். இந்த மாதிரிப் பெட்டிகள் கசிவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். மானியை மெதுவாக வெளியே இழுத்தால் வந்துவிடும், சும்மா அழுத்தித்தான் வைத்திருப்பார்கள். அதன் கழுத்தில் டெஃப்லான் டேப்பை நான்கு சுற்றுச் சுற்றித் திரும்ப அழுத்துங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே, உள்பக்கமாக, மீன்தொட்டிக்குப் போடும் நிறமில்லாத சிலிக்கானை நூல் மாதிரி இழுத்து, விரலைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு வழித்துவிடுங்கள். காயும்போது காடி வாடை அடிக்கும். அது முழுவதும் போகும் வரை, ஒரு வாரமானாலும், மூடியைத் திறந்தே வையுங்கள்.

மழைக்காலத்து 80 வேறு கதை. அப்போது வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வருகிறது. உள்ளே தண்ணீர் ஊற்றும் பஞ்சு ஏதாவது இருந்தால் அந்த மாதங்களில் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் பை இருந்தால், கூடுதல் ஈரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். மாமனார் கையாண்ட பெட்டி என்கிறீர்கள். வெளியே பாலிஷ் மங்கியிருந்தால் புதிதாக அடிக்கலாம். உள்பக்கம் மட்டும் பாலிஷோ எண்ணெயோ எதுவும் தொடாமல், அந்த மரவாசத்தோடு இருக்கட்டும்.

கேள்வி: உள்பலகை ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஸ்பானிஷ் சீடர் கிடைக்கவில்லை. சீடர் என்றால் தேவதாருதானே என்று மரக்கடையில் கொடுக்கிறார்கள். போடலாமா, அல்லது தேக்கே போட்டுவிடவா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஸ்பானிஷ் சீடர் என்பது ஸ்பெயின் மரமும் இல்லை, தேவதாரு இனமும் இல்லை. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியன் தீவுகளில் வளர்வது, நம் வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பம். தேவதாருவின் எண்ணெய் வாசம் கடுமையானது, புகையிலையை மூழ்கடித்துவிடும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், ஈரத்தை வாங்கி மெல்லத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்கு உதவாது. ஸ்பானிஷ் சீடர் 2020இலிருந்து, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், அதனால்தான் கைக்குக் கிடைப்பது அரிதாகிவிட்டது.

நம் மலைகளிலேயே அதற்கு ஒரு தங்கை உண்டு. சந்தன வேம்பு. வடக்கே தூன் என்பார்கள். முன்பு தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். லேசான சிவப்பு, இதமான வாசம், இழைக்கச் சுகமான மரம். சுருட்டுப் பெட்டி செய்யவே பயன்பட்ட மரம் அது. நன்றாகக் காய்ந்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டியதும் பிசின் கசிகிறதா என்று ஒரு வாரம் வெயில் படாத இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: மூடியை நன்றாக இறுக்கிவிட்டேன். ஆனாலும் சுருட்டில் குண்டூசி ஓட்டை மாதிரி துளைகள். வண்டு எப்படி உள்ளே போனது? (வாசகர், மதுரை)

பதில்: வெளியிலிருந்து போகவில்லை. முட்டை இலையோடு வந்தது. மூடி எத்தனை இறுக்கமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, வெப்பம் கூடினால் பொரித்துவிடும். மதுரை வெயிலில் அலமாரிக்குள் பெட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். துளை விழுந்தவற்றை எடுத்து எறிந்துவிடுங்கள். மீதியை இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி வரும் ஃப்ரீசரில் மூன்று நாள் வையுங்கள். அங்கிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி ஒரு நாள், பிறகு வெளியே ஒரு நாள். இந்த மூன்று கட்டத்திலும் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் தண்ணீர் கோத்து மேலிலை வெடித்துவிடும். அதற்குள் காலிப் பெட்டியின் மூலைகளைச் சின்ன பிரஷால் கூட்டித் தூளை வெளியே கொட்டிவிட்டு, மூடி கவிழும் அந்தப் பலகையின் இடுக்கையும் ஒரு முறை பாருங்கள். வண்டுத் தூள் அங்கேதான் போய்த் தங்கும், மூடியையும் அதுவே தூக்கி நிறுத்தும்.